சிவில் படிக்கப்போகும் மகளுக்கு எந்த லேப்டாப்?

வாசகர் கேள்வி:

வணக்கம். என் மகளுக்குத் திருச்சி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்கப்போகிறாள். லேப்டாப்புக்கு 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கல்விக் கடனுக்கும் எழுதிப் போட்டிருக்கிறோம். எங்கள் ஊர்க் கடையில் ‘ஐ5, 8 ஜிபி, 512 ஜிபி’ என்று ஒன்றை 48,500-க்குக் காட்டினார்கள். என் அண்ணன் மகன் சென்னையில் ஐடியில் இருக்கிறான். சிவிலுக்கு கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம், 68,000 போட்டு கேமிங் லேப்டாப்பாக வாங்குங்கள் என்கிறான். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனரோ, ஆப்பிள் மேக்புக் ஏர் வாங்கி வருகிறேன், பாதிப் பணத்தை நானே போடுகிறேன் என்கிறார். எனக்குக் கம்ப்யூட்டர் விஷயம் அதிகம் தெரியாது. நான்கு வருஷம் உழைத்தால் போதும். எதை வாங்குவது? காலேஜ் திறப்பதற்கு முன்பே வாங்கியாக வேண்டுமா?
(ஒரு தந்தை, அறந்தாங்கி)

பதில்:

வணக்கம் ஐயா. மகளுக்கு வாழ்த்துகள். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகிவிடும்.

அவசரமே இல்லை. பொறியியலில் முதல் ஆண்டு எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்று போகும். பைத்தானை எந்த லேப்டாப்பிலும் எழுதலாம், காலேஜ் லேபிலேயே எழுதி முடிக்கலாம். கிராஃபிக்ஸ் தாளுக்கு வேண்டியது பெரும்பாலும் மினி டிராஃப்டரும் டிராயிங் ஷீட்டும்தான். லேப்டாப்பை உண்மையிலேயே வேலை வாங்குகிற ஆட்டோகேட், ரெவிட் போன்ற வரைபட மென்பொருள்களும் ஸ்டாட் ப்ரோ, ஈடேப்ஸ் போன்ற கட்டமைப்புக் கணக்கு மென்பொருள்களும் இரண்டாம் ஆண்டிலிருந்துதான் ஒவ்வொன்றாக வரும். ஆகவே மகள் சேர்ந்து முதல் மாதத்தில் டிபார்ட்மெண்டிலும் மூன்றாம் ஆண்டு சீனியர்களிடமும் ‘இங்கே என்னென்ன சாஃப்ட்வேர் சொல்லித்தருகிறார்கள், எந்தப் பதிப்பு’ என்று கேட்டுக்கொள்ளட்டும். அந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகு வாங்குவது நல்லது.

கல்விக் கடன் பற்றி ஒன்று. பெரும்பாலான வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவைப்படும் கம்ப்யூட்டரின் நியாயமான விலையும் சேர்த்துக்கொள்ளக்கூடிய செலவுதான். ஆனால் கடன் தொகை முடிவாவதற்கு முன்பே அதைச் செலவுப் பட்டியலில் காட்ட வேண்டும். கடையில் ஜிஎஸ்டி எண்ணோடு ஒரு கொட்டேஷன் வாங்கி வங்கியில் இப்போதே கொடுத்துவிடுங்கள். எந்த மாடல் என்பதைப் பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா என்று மேலாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. உங்கள் மகளின் கல்லூரிக்கும் ஆண்டுக்கும் அது பொருந்துமா என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி மூன்று யோசனைகள்.

மேக்புக் ஏர் அருமையான கருவி. பேட்டரி நாள் முழுக்க நிற்கும், எடை குறைவு, எளிதில் பழுதாகாது. இந்தியாவில் சர்வீஸும் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைக்கு என்றால் தயங்காமல் வாங்கச் சொல்வேன். சிவிலுக்கு வேண்டாம். ஆட்டோகேட் மட்டும் மேக்கில் ஓடும். ரெவிட், ஈடேப்ஸ், ஸ்டாட் ப்ரோ மூன்றும் விண்டோஸுக்காகவே எழுதப்பட்டவை. இப்போதைய மேக்கில் இருப்பது, இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் வழக்கமான சிப்பிலிருந்து வேறான ஆர்ம் வகைச் சிப். விண்டோஸை அதற்குள் ஏற்றினாலும் ஏறுவது ஆர்ம் விண்டோஸ். அதில் இந்தக் கட்டமைப்பு மென்பொருள்களை நம்பி மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டில் இறங்க முடியாது. இதே காரணத்துக்காக, கடையில் ‘ஸ்னாப்டிராகன்’ என்று எழுதிய விண்டோஸ் லேப்டாப்பைக் காட்டினாலும் விலகிவிடுங்கள். அவற்றிலும் பேட்டரி நன்றாக நிற்கும்தான், ஆனால் அதுவும் ஆர்ம் சிப்.

மைத்துனர் மனதார உதவ நினைக்கிறார். அந்த உதவியை மறுக்க வேண்டாம். பணமாகத் தரட்டும், அல்லது விண்டோஸ் லேப்டாப் வாங்கி வரட்டும். வாங்கி வருவதானால் அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கு இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று வாங்கும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சாதாரண வீட்டு மாடல்கள் பலவற்றுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான் வாரண்டி. கஸ்டம்ஸில் தொல்லை இருக்காது. 18 வயதான பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம். சிங்கப்பூர் பிளக்கின் பின்கள் செவ்வகமாக இருக்கும். சார்ஜரையே மாற்ற வேண்டியதில்லை. சார்ஜர் பெட்டியின் மேல் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும். சுவரிலிருந்து அந்தப் பெட்டிவரை வரும் ஒயரை மட்டும் இங்கே மாற்றினால் சரியாகிவிடும்.

அடுத்து கேமிங் லேப்டாப். உங்கள் அண்ணன் மகன் சொல்வதில் பாதி சரி. கட்டடத்தை வண்ணமும் வெளிச்சமும் போட்டு நிஜம்போலக் காட்டும் லுமியன், என்ஸ்கேப் மாதிரியான மென்பொருளுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாது. ஆனால் அது ஆர்க்கிடெக்சர் மாணவர்களின் அன்றாட வேலை. சிவிலில் தூண், பீம் போட்டு ஈடேப்ஸில் கணக்கு ஓட்டும்போது உழைப்பது பிராசஸரும் (லேப்டாப்பின் மூளை) ரேமும்தான் (வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் தற்காலிக இடம்). ஆட்டோகேடின் பெரும்பாலான கட்டளைகள் பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்களில் ஒன்றே ஒன்றில்தான் ஓடும். ரெவிட்டிலும் பாதிக்கு மேல் அப்படித்தான். பிராசஸருக்குள்ளேயே வரும் கிராஃபிக்ஸ், கல்லூரி அளவு ப்ராஜெக்டைத் தாங்கும்.

தேவையில்லாத அந்தக் கார்டுக்குப் பணம் மட்டுமா போகிறது? கேமிங் லேப்டாப் 2.3 கிலோ இருக்கும், சார்ஜர் அரைக் கிலோவுக்கு மேல். தினமும் ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கு மூன்று கிலோ தோளில் தூக்க வேண்டும். பேட்டரியும் மூன்று மணி நேரத்தைத் தாண்டுவது கடினம். வகுப்பறையில் எல்லா பெஞ்சுக்கும் பிளக் பாயிண்ட் இருக்காது. நியாயமாகச் சொன்னால் கேமிங் லேப்டாப்பில் நல்லதும் உண்டு. பெரிய ஃபேன், ரேம் மாட்ட இரண்டு ஸ்லாட், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இரண்டு இடம். நெடுநேரம் கணக்கு ஓட்டினாலும் வேகம் தளராது. மகள் கட்டடத்தை நிஜம்போலக் காட்டும் அந்த ரெண்டரிங் பக்கம் போக ஆசைப்படுகிறாள், எடை பிரச்சினை இல்லை என்றால் வாங்கலாம். அந்த ஆசை இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள்.

இனி ஊர்க் கடை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், கடைக்காரர் பொய் சொல்லாமலேயே. ‘ஐ5, 8 ஜிபி, 512 ஜிபி’ என்பது ஒரு லேப்டாப்பின் விவரமே அல்ல. அதே வரியைச் சொல்லி 10,000 ரூபாய் வித்தியாசத்தில் ஐந்தாறு லேப்டாப் விற்கலாம். பெட்டியின் மேலும் லேப்டாப்பின் அடியிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட மாடல் குறியீடு இருக்கும். அதைத்தான் நீங்கள் போனில் படமெடுத்து வர வேண்டும்.

பிராசஸரின் முழுப் பெயரை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். ஐ5-1235யூ, ஐ5-12450ஹெச் இரண்டும் இன்டெலின் ஐ5தான். ‘12’ என்பது 12-ஆம் தலைமுறை, 2022-இல் வந்தது. கடைசி எழுத்துதான் குணத்தைச் சொல்லும். ‘யூ’ என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் சிப். 1235யூவில் பெரிய (வேகமான) கோர் 2, சிறிய (சிக்கனமான) கோர் 8. ‘ஹெச்’ என்றால் அதிக மின்சாரம் எடுத்து வேகமாக ஓடும் சிப். 12450ஹெச்சில் பெரிய கோர் 4, சிறிய கோர் 4. ஈடேப்ஸ் கணக்குக்குப் பெரிய கோர்கள் அதிகமாக இருப்பது நல்லது, பேட்டரிக்கு ‘யூ’ நல்லது. இன்டெல் பிறகு ‘ஐ’ எழுத்தை எடுத்துவிட்டு ‘கோர் 5’, ‘கோர் அல்ட்ரா 5’ என்று பெயர் வைத்தது. புதுப் பெயர் என்பதால் எல்லாமே புதுச் சிப் என்று அர்த்தமில்லை. கோர் 5 120யூவிலும் அதே 2 பெரிய கோர், 8 சிறிய கோர்தான்.

ஏஎம்டியின் ரைசனில் இன்னும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யூவையும் ரைசன் 5 7530யூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு எண்தான் வித்தியாசம் என்று தோன்றும். 7520யூவில் 4 கோர், 7530யூவில் 6 கோர். அந்த நான்கு இலக்க எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் கோர் எந்தக் காலத்து வடிவமைப்பு என்பதைக் காட்டுவது. ‘2’ என்றால் பழைய ஜென் 2, ‘3’ என்றால் ஜென் 3, ‘4’ என்றால் ஜென் 4. போதாததற்கு 7520யூ உள்ள லேப்டாப்பில் ரேம் போர்டோடு ஒட்டித்தான் வரும், பின்னால் ஏற்ற வழியே கிடையாது. சிவில் மாணவிக்கு 7520யூவும் அதன் தம்பி ரைசன் 3 7320யூவும் வேண்டவே வேண்டாம். 7530யூ தாராளமாகப் போதும். இன்டெலில் என்100, என்200 என்று எழுதியவையும் வேண்டாம். அவற்றில் இருப்பது நான்கும் சிறிய கோர்.

ஆனால் நான்கு வருஷம் உழைக்குமா என்பதைப் பிராசஸரைவிட அதிகமாகத் தீர்மானிப்பது ரேம். கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே 3 முதல் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். உள்கிராஃபிக்ஸ் தனக்கென்று கொஞ்சம் எடுக்கும். பிரௌசரில் பத்து டேப், கட்டட விதிகள் உள்ள ‘கோட்’ புத்தகம் ஒன்றை பிடிஎஃப்பாகத் திறந்தால் 2 ஜிபி. ரெவிட்டில் ஒரு கோப்பைத் திறந்தால் அந்தக் கோப்பின் அளவைப்போல 20 மடங்கு ரேம் வேண்டும் என்பது தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 100 எம்பி கோப்புக்கு 2 ஜிபி. 8 ஜிபி அங்கேயே நிரம்பிவிட்டது. நிரம்பியதும் லேப்டாப் நின்றுவிடாது. எஸ்எஸ்டியின் ஒரு பகுதியை ரேம்போலப் பயன்படுத்தத் தொடங்கும். அது ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. ‘லேப்டாப் ஹேங் ஆகுது’ என்று பிள்ளைகள் இரண்டாம் வருஷம் போன் செய்வது பெரும்பாலும் இதனால்தான். ரெவிட்டின் அண்மைப் பதிப்புகளுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனம் குறைந்தபட்சம் என்று சொல்வதே 16 ஜிபி.

முன்பெல்லாம் ‘8 ஜிபியில் வாங்குங்கள், பிறகு 8 ஜிபி ஏற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்வது வழக்கம். 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டதால் அந்த யோசனை முன்போல மலிவானதல்ல. ஆகவே 16 ஜிபியோடு வருவதையே முதலில் தேடுங்கள். பட்ஜெட்டுக்குள் கிடைக்கவில்லையென்றால் மட்டும் ஒரு ஸ்லாட் காலியாக உள்ள 8 ஜிபி லேப்டாப்பை எடுங்கள். ஸ்லாட்டே இல்லாத, ஒட்டிய 8 ஜிபி லேப்டாப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அது பின்னால் சரிசெய்யவே முடியாத குறை.

ஸ்லாட் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே நீங்கள் பார்க்கலாம், கழற்ற வேண்டாம். காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ‘மெமரி’ என்பதைத் தொட்டால் கீழே சின்ன எழுத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்று வரும். ‘1 ஆஃப் 2’ என்றால் ஓர் இடம் காலி. அதற்குப் பக்கத்திலேயே ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியைப் பாருங்கள். ‘சோடிம்’ என்றிருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ரேம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் போர்டில் ஒட்டியது. ஒட்டிய ரேமும் சில லேப்டாப்பில் ஸ்லாட் கணக்கில் வந்துவிடும், அதனால் இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே திரையில் ‘சிபியூ’வைத் தொட்டால் பிராசஸரின் முழுப் பெயர் வலப்பக்க மேல்மூலையில் தெரியும். சந்தேகம் இருந்தால் மாடல் குறியீட்டை நிறுவனத்தின் இணையதளத்தில் தேடி, அதிகபட்ச ரேம் எவ்வளவு என்று சரிபாருங்கள். லெனோவோ தன் மாடல்களுக்கு இந்த விவரத்தை பிஎஸ்ஆர்இஎஃப் என்ற தளத்தில் ஸ்லாட் எண்ணிக்கை வரை போட்டிருக்கிறது.

இரண்டாவது ரேம் ஏற்றினால் இன்னொரு லாபமும் உண்டு. 1235யூ மாதிரியான சிப்பில் ஒற்றை ரேம் இருந்தால் உள்கிராஃபிக்ஸ் ‘யூஹெச்டி’ என்ற பெயரில் மட்டுப்பட்டு ஓடும். இரண்டு ரேமும் ஜோடியாக உட்கார்ந்ததும் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று மாறி வேகமெடுக்கும். முப்பரிமாண மாடலைச் சுழற்றிப் பார்க்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எஸ்எஸ்டி 512 ஜிபி சரியான அளவு. விண்டோஸில் 476 ஜிபி என்று காட்டும். எண்ணும் முறை வேறு, ஏமாற்று அல்ல. ரெவிட்டுக்கு மட்டுமே 30 ஜிபி காலி இடம் கேட்கும் என்பதால் 256 ஜிபி இரண்டாம் ஆண்டிலேயே நெருக்கிவிடும். ‘இஎம்எம்சி’ என்று எழுதியிருந்தால் அது எஸ்எஸ்டி அல்ல, வேண்டாம்.

திரையை யாரும் கேட்பதில்லை, ஆனால் பிள்ளை நான்கு வருஷம் பார்க்கப்போவது அதைத்தான். ஐபிஎஸ் திரை (பார்க்கும் கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாதது), 1920க்கு 1080 அல்லது 1920க்கு 1200 புள்ளி இருக்க வேண்டும். கடையில் லேப்டாப்புக்கு எதிரே நின்று மெல்லக் குனிந்து கீழிருந்து பாருங்கள். நிறம் கருத்துத் தலைகீழாக மாறினால் அது டிஎன் திரை, விட்டுவிடுங்கள். இந்த விலையில் ஒளி 250 முதல் 300 நிட்ஸ் வரைதான் இருக்கும், 300 கிடைத்தால் எடுங்கள். வண்ண அளவு 45 சதவீத என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் வண்ணம் சோகையாகத் தெரியும், சிவில் வரைபடத்துக்கு அது பெரிய குறை இல்லை. உயரம் கூடிய 1200 திரையில் ஆட்டோகேடின் பட்டனுக்கும் கட்டளை வரிக்கும் இடம் போக வரைபடத்துக்கு மிச்ச இடம் கிடைக்கும்.

பேட்டரியை மணிக்கணக்கில் கேட்காதீர்கள், அதன் கொள்ளளவை வாட்-ஹவரில் கேளுங்கள். எழுதுவது, படிப்பது, இணையம் பார்ப்பது எல்லாம் சேர்ந்து லேப்டாப் 8 முதல் 10 வாட் இழுக்கும். 42 வாட்-ஹவர் பேட்டரி அதற்கு நான்கு, ஐந்து மணி நேரம் தாங்கும். 57 என்றால் ஆறு மணி நேரம். ஈடேப்ஸ் கணக்கு ஓடும்போது 30 வாட்டைத் தாண்டும், எந்தப் பேட்டரியும் ஒன்றரை இரண்டு மணி நேரம்தான். டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுமா என்று கேளுங்கள். ஏறினால் சார்ஜர் தொலைந்தாலும் தோழியின் 65 வாட் சார்ஜரில் அன்றைய வேலை நடக்கும்.

மொத்தத்தில் உங்கள் 60,000-க்கு நான் தேடச் சொல்வது இது. ஐ5-13420ஹெச் அல்லது 12450ஹெச் அல்லது ரைசன் 5 7530யூ, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஐபிஎஸ் திரை, 50 வாட்-ஹவருக்குக் குறையாத பேட்டரி, 1.7 கிலோவுக்கு மேல் போகாத எடை. எல்லாமே ஒரே லேப்டாப்பில் அமையாமல் போகலாம். அப்படியானால் முதலில் பேட்டரியை விட்டுக்கொடுங்கள், அடுத்து எடையை. ரேமை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஊர்க் கடையின் 48,500 ரூபாய் லேப்டாப்பில் 1235யூ சிப்பும் ஒரு காலி ஸ்லாட்டும் ஐபிஎஸ் திரையும் இருந்து, 8 ஜிபி கூடுதலாக ஏற்றிய பிறகும் 58,000-க்குள் முடிந்தால் அதையும் வாங்கலாம். தெரிந்த கடைக்காரர் பக்கத்தில் இருப்பதும் ஒரு பலம்தான். ரேமை நிறுவன சர்வீஸ் சென்டரிலோ, வாரண்டி போகாது என்று எழுதித்தரும் கடையிலோ மாட்டுங்கள்.

எந்த பிராண்ட் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும். பிராண்டைவிட சர்வீஸ் சென்டர் முக்கியம். திருச்சியில் அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சென்டர் இருக்கிறதா, வாரண்டி ஆன்சைட்டா கேரி-இன்னா என்று பாருங்கள். ஆன்சைட் என்றால் ஆள் ஹாஸ்டலுக்கு வருவார், கேரி-இன் என்றால் மகள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சாதாரண வாரண்டி ஒரு வருஷம், அதில் கீழே விழுந்து உடைந்ததோ தண்ணீர் கொட்டியதோ வராது. ஹாஸ்டலில் நடப்பதே அந்த இரண்டும்தான். மூன்று, நான்காயிரம் மிச்சம் இருந்தால் ஆக்சிடென்டல் டேமேஜ் கவர் எடுங்கள். நிறுவனத்தின் சொந்தத் திட்டமாக இருக்கட்டும், கடைகள் தனியாக விற்கும் காப்பீடு வேண்டாம். வாங்கிய பிறகு இத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று கெடு இருக்கும், பில் போடும்போதே முடித்துவிடுங்கள். எச்பி, லெனோவோ, டெல் ஆகியவை மாணவர்களுக்கென்று தனி விலை வைத்திருக்கின்றன. கல்லூரி அடையாள அட்டையோ கல்லூரி மெயிலோ கேட்பார்கள். சேர்ந்த பிறகு வாங்குவதில் அந்த லாபமும் உண்டு.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்றால் வட்டியைத் தள்ளுபடியாகக் கழிக்கிறார்கள் என்று பொருள். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் உங்கள் தலையில்தான் விழும். ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘டாஸ் மாடல், ஐயாயிரம் கம்மி’ என்றால் விண்டோஸ் இல்லாத லேப்டாப். கடைக்காரர் போட்டுத்தருகிறேன் என்று சொல்லும் விண்டோஸ் திருட்டு நகலாக இருக்கலாம், வேண்டாம்.

பழைய லேப்டாப் வாங்கும் யோசனையும் யாராவது சொல்வார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெலில் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 6, 7-ஆம் தலைமுறை லேப்டாப்புகள்தான் இப்போது மலிவாகக் குவிகின்றன, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வாங்கும் நாளில் மகளும் கூட வரட்டும். சீல் உடையாத பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பெட்டி, லேப்டாப்பின் அடி, பில் மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும். மூடியை ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்து பாருங்கள். மூடி முறுக்கிக்கொண்டு வந்தால் கீல் இறுக்கம், பிளாஸ்டிக் மெலிசு. இரண்டு வருஷத்தில் கீல் திருகுகள் மூடியைப் பிய்த்துக்கொண்டு வரும். அதன் பிறகு எல்லாப் பட்டனையும் நோட்பேடில் தட்டிப் பார்த்து, வெள்ளைத் திரையில் கரும்புள்ளி இருக்கிறதா பார்த்து, கேமரா, வைஃபை, யூஎஸ்பி துளைகள் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள்.

அடுத்தது மிக முக்கியம். முதல் தடவை ஆன் செய்யும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். கடைப் பையன் அவசரத்தில் தன்னுடைய மெயிலைப் போட்டுத் திறந்துகொடுப்பான். அதற்கு விடாதீர்கள். லேப்டாப்போடு வரும் ஆபிஸ் உரிமம் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். இப்போதைய விண்டோஸ் 11 எஸ்எஸ்டியைத் தானாகவே பூட்டியும் வைக்கிறது. அந்தப் பூட்டின் 48 இலக்கச் சாவி முதலில் நுழைந்த கணக்கில்தான் சேமிக்கப்படும். லேப்டாப்பின் அடிப்படை நிரலான பயாஸின் அப்டேட்டுக்குப் பிறகு ஒருநாள் அந்தச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி முகம் தெரியாத ஒருவரின் கணக்கில் இருந்தால் உள்ளே இருக்கும் ப்ராஜெக்ட் எல்லாம் போனதுதான். மகளின் சொந்த மெயில் மட்டும் போட வேண்டும். கல்லூரி மெயிலும் வேண்டாம், படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள். சாவியை ஒரு தாளில் எழுதி பில்லோடு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஸ்டாட் ப்ரோவுக்கு பென்ட்லி நிறுவனத்தின் கல்வித் திட்டம் இருக்கிறது. ஈடேப்ஸுக்குக் கல்லூரி லேபின் உரிமத்தைக் கேட்கட்டும். ஹாஸ்டலில் பென் டிரைவில் சுற்றும் ‘கிராக்’ நகல்களை ஏற்ற ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அணைத்த அந்த ஐந்து நிமிடத்தில் பாஸ்வேர்டு திருடும் நிரல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். கட்டணம் கட்டும் வங்கிக் கணக்கும் அதே லேப்டாப்பில்தான் இருக்கும் என்பதை மகளிடம் சொல்லி வையுங்கள்.

ஹாஸ்டல் அறைக்கு இரண்டு மூன்று விஷயம். பெரும்பாலான லேப்டாப் அடிப்பக்கத்திலிருந்துதான் காற்றை இழுக்கும். மெத்தை மேல் வைத்தால் துளை அடைபட்டு, சூடு ஏறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும். ஒரு பரீட்சை அட்டையை அடியில் வைத்தாலே போதும். கீபோர்டு மேல் பேனாவோ இயர்போனோ இருக்க மூடியை மூடினால் திரை உடையும், இது வாரண்டியில் வராது. எப்போதும் பிளக்கிலேயே கிடக்கும் லேப்டாப் என்றால், நிறுவனத்தின் செயலியில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்துவிடலாம், பேட்டரி சீக்கிரம் உப்பாது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு தெரிந்தால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நீங்களே வாங்கிக்கொடுத்து அனுப்புங்கள். மூன்று பின், எர்த் உள்ளதாக, ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கட்டும். எர்த் இல்லாத இரண்டு பின் பாக்ஸில் சார்ஜரைச் செருகினால், உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தொடும்போது சுருசுருவென்று ஷாக் அடிப்பது போலிருக்கும். சார்ஜருக்குள் இருக்கும் கபாசிட்டர் கசியவிடும் சின்ன மின்சாரம் போக வழியில்லாமல் உடம்பு வழியே இறங்குகிறது. அந்தக் கசிவு ஆபத்தான அளவில் இருக்காது. ஆனால் அந்த அறையில் எர்த் இல்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். எர்த் இல்லாத அறையில் கெட்டில், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஆபத்து. மகள் அப்படி உணர்ந்தால் லேப்டாப்பைக் குறைசொல்லாமல் வார்டனிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழைக்கச் சொல்லுங்கள்.